மார்த்தாவின் ம்க்கும்

"ம்க்கும் இல்லாத மார்த்தா, உப்பில்லாத ரசம்" என்று எவனோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதித் தொலைத்ததுதான் பொற்கொடியை இந்த மத்தியானத்தில் சாலிகிராமத்து டப்பிங் ஸ்டுடியோவின் பிய்ந்த சோபாவில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. எழுதியவன் யார், எந்த ஊர், என்ன பிழைப்பு, ஒன்றும் தெரியாது. முகத்துக்குப் பதிலாக ஒரு குதிரையின் படத்தை வைத்துக்கொண்டிருந்தான். குதிரை எழுதியதை ஊரே ஆமாம் ஆமாம் என்று ஆமோதித்து, அது அமெரிக்கக் கம்பெனியின் சென்னை ஆபீஸ் வரைக்கும் போய், அங்கிருந்து ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற ஃபெலிக்ஸிடம் வந்து, ஃபெலிக்ஸ் நேற்று அவளுக்குப் போன் போட்டான். "மேடம், ஒரு சின்ன வேலை. வந்த வேகத்துல போயிரலாம்." என்ன வேலை என்று கேட்கும்போதே அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் துள்ளியது. அதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துள்ளியிருக்க வேண்டாம். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு போனுக்குத் துள்ளுகிற நெஞ்சை எந்த விளக்குமாற்றால் அடிப்பது. "வசனம் ஒண்ணும் இல்ல மேடம். அந்த ம்க்கும் மட்டும் வேணும்." ம்க்கும் மட்டும். கறிக்கடையில் ஈரல் மட்டும் கேட்கிற மாதிரி. ஐந்து வருஷமாக அவள்தான் மார்த்தா. 'சாம்பல் மேடு' என்கிற அந்த அமெரிக்கக் கௌபாய் தொடர் தமிழுக்கு வந்த நாளிலிருந்து, தொப்பியும் துப்பாக்கியுமாக மலையடிவாரத்தில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையைக் கட்டி ஆள்கிற அந்தக் கிழவி வாயைத் திறந்தால் வந்தது பொற்கொடியின் குரல். இப்போது அதிலிருந்து ஸ்பின் ஆஃப் என்கிற கிளைத்தொடர் இன்னொன்று கிளம்புகிறது, 'மார்த்தாவின் மகள்'. பெயர்தான் மகள், முதல் சில பாகங்களில் மார்த்தா இருக்கிறாள், பண்ணையை மகள் கையில் ஒப்படைத்துவிட்டுச் சாகிறாள். அந்தச் சாவைப் பேசப்போவது தான்தான் என்று பொற்கொடி நம்பியிருந்தாள், அதைப் பற்றிக் கேட்கக்கூடத் தோன்றவில்லை, தன் வீட்டுச் சாவிக்குத் தானே அனுமதி கேட்பார்களா. முன்னோட்டம் வந்தது. மார்த்தா வாயைத் திறந்தாள். யாழினிஸ்ரீ பேசினாள். சாயங்கால சீரியலில் கண்ணை உருட்டி உருட்டி மருமகளைப் பழிவாங்குகிற யாழினிஸ்ரீ. தெரிந்த முகம், பேட்டி கொடுப்பாள், விளம்பரத்துக்கு ஆகும் என்றார்களாம். முகம் தெரியாத வேலைக்கு முகத்தைப் பார்த்து ஆள் எடுத்திருக்கிறார்கள்.

தலைக்கு மேலே ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். சொட்டுகிற சத்தத்தை எண்ணக்கூடாது என்று போனை எடுத்தாள், எடுத்தால் விரல் தானாக அங்கேதான் போகும், முன்னோட்டத்துக்குக் கீழே ஊரார் எழுதியிருக்கிற அபிப்பிராயங்களுக்கு. ஒரு வாரமாக இதே வேலை. புண்ணைச் சொறிவது போலத்தான், சுகமும் இல்லை, விடவும் முடியவில்லை. 'முதல் சீசன் மட்டும்தாங்க கௌபாய் கதை, அப்புறம் முழுக்கச் சொத்துத் தகராறு, அதுக்கு எங்க பெரியப்பா வீட்டுக்கே போயிருவேன்.' சரி. 'ஸ்பின் ஆஃபுக்கு ஒரு ஸ்பின் ஆஃப், அதுக்கு ஒரு ஸ்பின் ஆஃப். அடுத்து மார்த்தா வீட்டு நாய்க்கு ஒண்ணு எடுப்பீங்களா?' எடுப்பான், எடுத்தால் நாய்க்கும் யாழினிஸ்ரீதான் குரைப்பாள். 'தெற்குப் பாதைன்னு இன்னொரு ஸ்பின் ஆஃப் பார்த்தேன், ஒருத்தன் சட்டையிலயும் அழுக்கு இல்ல. மாடு மேய்க்க வந்தானா, பொண்ணு பார்க்க வந்தானா?' இதற்கு அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை உடனே திருப்பி அனுப்பினாள், இவர்களோடு சிரிப்பதற்கா வந்தோம். 'டப்பிங்கில் பார்ப்பவன் எல்லாம் ரசனை கெட்டவன்' என்று ஒரு மேதாவி. அவனுக்கு அறுபது பேர் பதில் எழுதி அவன் பாட்டன் பூட்டனையெல்லாம் இழுத்திருந்தார்கள். இன்னொருத்தன் ரொம்ப நொந்து எழுதியிருந்தான், 'ஆசையா இங்கிலீஷ்ல போட்டுப் பார்த்தேன், அதுல மார்த்தா ம்க்கும் சொல்லவே மாட்டேங்குது, ஏமாத்திட்டானுங்க.' இதைப் படித்தபோது பொற்கொடிக்கு முதலில் பெருமையாக இருந்தது, அப்புறம் பெருமைப்பட்டதற்காகக் கோபம் வந்தது. அவன் புகழ்ந்தது அவளையா, மார்த்தாவை. அவள் யாரென்று இவர்களில் ஒருவனுக்காவது தெரியுமா. பாகத்தின் கடைசியில், எல்லாப் பெயரும் ஓடி முடிந்து, தமிழ்க் குரல்கள் என்று வரிசை வருவதற்குள் தொடர் ஓடுகிற அந்தச் செயலி தானாக அடுத்த பாகத்துக்குத் தாவிவிடும். ஐந்து வருஷமாகத் தாவிக்கொண்டிருக்கிறது. அவள் பெயரை அவளே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் கடைசி எழுத்து தெரிவதற்குள் திரை மாறிவிட்டது. பிறகு அது வந்தது, தினமும் தேடிப் போய்ப் படிக்கிற அந்த ஒன்று. 'பழைய குரல் ரேஷன் கடையில் சண்டை போடுற அம்மா மாதிரி இருந்துச்சு. நல்லவேளை மாத்திட்டாங்க.' அதை எழுதியவள் ஒரு பெண். ரேஷன் கடையில் சண்டை போடாமல் உனக்கு எவடி பருப்பு வாங்கிக் கொடுத்தாள் என்று பொற்கொடி தினமும் பதில் எழுதுவாள், தினமும் அனுப்பாமல் அழிப்பாள்.

அதைவிட ஆத்திரம், அந்த ம்க்குமே ஒரு கோளாறில் பிறந்தது என்பதுதான். முதல் சீசன், முதல் பாகம். மார்த்தாவாக நடிக்கிற அந்த அமெரிக்கக்காரி பேசுவதற்கு முன்னால் தாடையை ஒரு தடவை அசைப்பாள், எதையோ மென்று முடிக்கிற மாதிரி. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஐந்து வருஷமாக அந்த வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியும், அந்த அம்மாளின் புருஷனுக்குக்கூட அவ்வளவு தெரியாது. வசனம் எழுதுகிற அழகர் உசிலம்பட்டிக்காரர், கௌபாய்களை எல்லாம் மதுரைத் தமிழ் பேச வைத்தவர், அதற்காகப் பாதிப் பேர் அவரைக் கும்பிட்டார்கள், பாதிப் பேர் கல்லால் அடிக்க வந்தார்கள். அவர் எழுதிய வரி கொஞ்சம் குட்டையாகப் போயிற்று. பேச்சு முடிந்த பிறகும் உதடு மிச்சம், பேச்சு தொடங்குவதற்கு முன்னாலும் உதடு மிச்சம். திரும்பத் திரும்ப எடுத்தும் ஒட்டவில்லை. எரிச்சலில் பொற்கொடி முன்னால் மிஞ்சிய அசைவில் ஒரு ம்க்கும் போட்டாள். பெரிய கண்டுபிடிப்பா அது. கோவில்பட்டியில் அவள் பிறந்த தெருவில் எந்தப் பொம்பளை வாயிலும் ஒரு நாளைக்கு இருபது தடவை வருவது. புருஷன் இந்தத் தீபாவளிக்குப் பட்டு எடுக்கலாம் என்றால் ம்க்கும். மழை வரும்போல இருக்கு என்றால் ம்க்கும். உதட்டைக் கூட்டி, மூச்சை மூக்கில் ஏற்றி, தொண்டையில் ஒரு வெட்டு. உன்னைத் தெரியாதா எனக்கு என்பதை வார்த்தை செலவில்லாமல் சொல்லிவிடுகிற ஒரு வெட்டு. பொற்கொடிக்குப் பத்து வயதிலேயே அது வந்துவிட்டது. ஹெட்மாஸ்டரைப் பார்த்தே ஒரு தடவை ம்க்கும் என்று சொல்லிவிட்டு அடி வாங்கினாள், உன் வாயே உனக்கு எமன்டி என்று அம்மா தலையில் குட்டினாள். அந்த எமனை எடுத்து ஒரு அமெரிக்கக் கிழவியின் தாடைக்கு அண்டை கொடுத்தாள், அவ்வளவுதான் விஷயம். ஓட்டு வீட்டில் ஓட்டை விழுந்தால் தகரத்தைச் செருகுவதில்லையா. இப்போது தகரத்தைப் பார்த்து வீட்டை மெச்சுகிறார்கள். மார்த்தா படம் போட்டு, கீழே ம்க்கும் என்று அச்சடித்த பனியனை ஒருத்தன் தி.நகரில் மாட்டிக்கொண்டு போனதை அவளே பார்த்தாள். கூப்பிட்டு, தம்பி அது நான்தான் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் அவன் எப்படிப் பார்ப்பான் என்று நினைத்து ரோட்டைக் கடந்து போய்விட்டாள்.

அவள் உயிரைக் கொடுத்துப் பேசியது வேறு. மூன்றாவது சீசனில் மார்த்தா தன் மகனைப் புதைக்கிற இடம். அதில் துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று, செத்துப்போன பையனிடம் அன்றைக்கு நடந்த சாதாரண விஷயங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேலி விழுந்துவிட்டது, செவலைப் பசு கன்று போட்டுவிட்டது, உன் பூட்ஸை உன் தம்பி போட்டுக்கொண்டான், கோபித்துக்கொள்ளாதே. பொற்கொடியின் அப்பா போய் ஒன்பதாம் நாள் அது. ஊரில் அவள் அழவில்லை, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள், வெறும் இடத்தைப் பார்த்து எப்படி அழுவது என்று தெரியாமல் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஸ்டுடியோவில், அந்தக் கண்ணாடி அறைக்குள், செவலைப் பசு கன்று போட்டுவிட்டது என்று சொல்லும்போது வந்தது. வரி முடிந்தும் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் குபேந்திரன் அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பதிவை நிறுத்தவில்லை. அந்த அழுகையைத்தான் தொடரில் வைத்தார்கள், மார்த்தா திரும்பி நடந்து போகும்போது முதுகில் கேட்பது பொற்கொடி அவள் அப்பாவுக்கு அழுதது. அன்றிலிருந்து குபேந்திரன் டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் பதிவை நிறுத்துவதே இல்லை. "நல்லதெல்லாம் டேக் முடிஞ்சப்புறம்தாம்மா வருது" என்பான். சரி, அந்த இடத்தைப் பற்றி ஊரார் என்ன எழுதினார்கள். தேடிப் பார்த்தாள். ஒருத்தன் எழுதியிருந்தான், 'புதைக்கிற சீன் செம அறுவை, நேரா தள்ளிட்டு சண்டைக்குப் போங்க.' எந்த நிமிஷத்துக்குத் தள்ள வேண்டும் என்று அடுத்தவர்களுக்கு உபகாரமாக நேரமும் போட்டிருந்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டாள். இன்றைக்கு அதுவும் போதவில்லை. கழுதைகளா இவர்கள், ம்க்கும் எங்கே ம்க்கும் எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டு அவளைத் திரும்பக் கூப்பிட வைத்ததும் இதே ஆட்கள்தானே. கும்பிடுவதா, காறித் துப்புவதா. ஒரே ஆளையே இரண்டும் செய்ய வேண்டியிருந்தால் எதை முதலில் செய்வது.

வாளி நிரம்பிவிட்டதுபோலச் சத்தம் மாறியது. எவனாவது வந்து எடுத்து ஊற்றுவானா. ஊரானை விடு, வீட்டில் இருப்பது என்ன வாழ்ந்தது. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஆவுடையப்பன் சொன்னான். அவளுடைய புருஷன், மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி ஏறி ஓய்வு பெற்றவன், இப்போது பகல் முழுக்கக் கௌபாய். சாம்பல் மேட்டையும் அதன் குட்டிகளையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த ஆட்களோடு வாட்ஸ்அப்பில் குழு வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறான். 'முதல் தலைமுறை' என்கிற குட்டியில் மாடே இல்லை, மாடு இல்லாமல் என்ன கௌபாய் என்று ஒரு வாரம் அந்தக் குழுவில் சண்டை. ஒருத்தர் கோபித்துக்கொண்டு வெளியேற, அப்புறம் இவனே போய்க் கெஞ்சிச் சேர்த்தான். அந்த நியாயஸ்தன் காலையில் முன்னோட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, வாயில் இட்லியோடு, "அந்தப் பொண்ணும் நல்லாத்தாம் பண்ணிருக்கு, என்ன" என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. "இல்ல, உன்னளவுக்கு இல்ல. ஆனா நல்லாருக்குன்னு சொன்னேன், பொதுவா." பொதுவா. அவள் சட்னியை அவன் தட்டில் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், போதும்டி போதும்டி என்று அவன் கையைக் குறுக்கே வைக்கும்வரை. யாழினிஸ்ரீ நன்றாக இல்லை என்றால் எவ்வளவு சௌகரியம். அதுதான் இல்லை. ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பொற்கொடியே கேட்டாள். மெல்லிசான குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, வார்த்தைக்கு வார்த்தை இழுத்து, சரியாகத்தான் பேசியிருந்தாள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்து யோசித்து, திடீரென்று தெரிந்தது. அது இவளேதான். இவள் மூச்சு விடுகிற இடத்தில் அவள் மூச்சு விடுகிறாள். இவள் 'மண்ணு' என்பதை அழுத்துகிற மாதிரி அவள் அழுத்துகிறாள். ஐந்து வருஷப் பாகங்களைப் போட்டுக் கொடுத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள். எல்லாம் வந்துவிட்டது, ம்க்கும் மட்டும் வரவில்லை. வராது. அது படித்து வருவதில்லை, முன்னோட்டத்தில் அந்த இடத்தில் தாடை சும்மா அசைகிறது, பல்செட் கழன்ற மாதிரி. அதைத்தான் குதிரைப் படக்காரன் கண்டுபிடித்துவிட்டான்.

"சாரி மேடம், டிராஃபிக்" என்று ஃபெலிக்ஸ் உள்ளே வந்தான். கையில் இரண்டு போன், கழுத்தில் ஒரு ஹெட்ஃபோன், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு, யாருக்கென்று தெரியாத பொதுச் சிரிப்பு. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, மேலிடத்து முடிவு, நம்ம கையில என்ன இருக்கு" என்றான். எடுத்துக்கொள்ளவில்லை என்றாள். "நாலஞ்சு தினுசுல குடுங்க மேடம். கோவமா ஒண்ணு, கேலியா ஒண்ணு, சாவுற கட்டத்துல கொஞ்சம் தளர்ந்தாப்ல ஒண்ணு. ஒண்ணு சுத்தமா கெடச்சாக்கூடப் போதும், வேணுங்கற எடத்துல நாங்க ஒட்டிக்குவோம். இதுக்கடுத்த ஸ்பின் ஆஃப்லயும் மார்த்தா ஃப்ளாஷ்பேக்ல வர்றாங்க, அதுக்கும் ஆவும்." அவள் கேட்டாள், "அதுக்கும் என்னைக் கூப்பிடுவீங்களா?" ஃபெலிக்ஸ் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு யோசித்தான். "அதான் நம்மகிட்ட இருக்குமே மேடம்." நம்மகிட்ட. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஒரு தடவை சுத்தமாகக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், தொண்டை அவர்கள் வசம், பொற்கொடி கறிவேப்பிலை, ரசம் மணத்த பிறகு இலைக்கு ஓரம். இனி எத்தனை கிளை முளைத்தாலும், மார்த்தாவின் மகள், மகளின் மகள், நாய், எல்லாவற்றிலும் அவளுடைய ஒரு வெட்டு, பின்னாலேயே இன்னொருத்தியின் நாக்கு. எழுந்து போய்விடலாமா. போனால் என்ன ஆகும், கோவில்பட்டியிலிருந்து எவளையாவது பிடித்து வந்து நிறுத்துவான், அவளுக்கும் வரும், தெருவுக்கே வரும். அதுவுமில்லாமல் பொற்கொடி பிகு பண்ணுகிறாள் என்று நாளைக்கு எல்லா ஸ்டுடியோவிலும் பேசிக்கொள்வார்கள். "ஒருவேளை சரியா வரலேன்னா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். ஃபெலிக்ஸ் போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். "வரலேன்னா வேற வழி? விட்டா ஜனங்க பிச்சு எடுத்துருவாங்க. முழு மார்த்தாவையும் திரும்ப உங்கள வெச்சே பேச வெக்க வேண்டியதுதான். ஆனா அதெப்படி மேடம் உங்களுக்கு வராமப் போவும்?" அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு அது போதும். முழு மார்த்தாவும். அந்தச் சாவும். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். வராது, இன்றைக்கு வராது, தலைகீழாக நின்றாலும் வராது.

கண்ணாடி அறைக்குள் அதே பழைய கம்பள நாற்றம். மைக்கின் உயரத்தை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள், யாழினிஸ்ரீ நல்ல வளர்த்தி. அதை இறக்கிக்கொண்டாள். "வாங்கம்மா" என்று குபேந்திரன் குரல் காதுக்குள் வந்தது, அந்தக் குரலிலேயே அவனுக்கும் சங்கடம்தான் என்று தெரிந்தது, அதற்காக அவன் மீதும் ஒரு கோபம். சங்கடப்படுகிறவன் எல்லாம் சங்கடப்பட்டுக்கொண்டே வேலையைப் பார்த்துவிடுகிறான். திரையில் மார்த்தா வந்தாள். கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், தொப்பி இல்லை, நரைத்த முடி பிரிந்து கிடந்தது. எவ்வளவு மெலிந்துவிட்டாள் இவள். பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், வாயை மட்டும் பார், வாயை மட்டும் பார். தாடை அசைந்தது. பதிவு ஓடுகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்தது. பொற்கொடி "ம்க்கும்" என்றாள், வேண்டுமென்றே தட்டையாக, சளி செருமுகிற மாதிரி. காதில் உடனே யாழினிஸ்ரீ, "இந்த மண்ண வித்துராத மகளே." பொருந்தவில்லை. "இன்னொண்ணு மேடம்" என்றான் ஃபெலிக்ஸ். இன்னொன்று கொடுத்தாள், தும்மல் வந்து நின்றுபோன மாதிரி. இன்னொன்று, சீரியல் மாமியார் மாதிரி. இன்னொன்று, அந்த அசைவுக்கு ஒரு நூல் பிந்தி. ரொம்ப மோசமாகவும் செய்யக்கூடாது, முயற்சி செய்து வராதவள் போலச் செய்ய வேண்டும், அது நன்றாகச் செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷத்தில் கற்றதையெல்லாம் கெடுப்பதற்குப் பயன்படுத்தினாள். நடுநடுவே திரையில் மார்த்தா திரும்பத் திரும்பச் சாவதற்குத் தயாராகி, வாயைத் திறந்து, நின்று, பின்னால் ஓடி, மறுபடி தயாரானாள். மன்னிச்சுக்கோ தாயி என்று மனசுக்குள் சொன்னாள், உன்னை முழுசாப் பேசத்தான் இப்படிப் பண்ணுறேன், கொஞ்சம் பொறு, உன்னை எவகிட்டயும் விட்டுட மாட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குபேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்து அடுத்த டேக்குக்குப் பின்னால் ஓட்டினான்.

கொஞ்ச நேரத்தில் ஃபெலிக்ஸின் சிரிப்பு காணாமல் போனது. போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் யாரிடமோ பேசினான், கண்ணாடி வழியாகச் சத்தம் வராது, ஆனால் வாயைப் பார்த்துப் பேச்சைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. வரலை சார் என்றான். ட்ரை பண்ணிட்டேன் சார். வயசாயிடுச்சு போல. அதைப் பார்த்ததும் பொற்கொடிக்குக் காது மடல் சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள், சொல்லட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அடுத்ததைச் சொல்லட்டும். முழுசா அவங்களையே போட்டா என்ன சார், என்றது அந்த வாய். நிறைய நேரம் கேட்டுக்கொண்டு நின்றது. சரி சார், ஓகே சார், பண்ணிரலாம் சார். ஜெயித்துவிட்டாளா. இவ்வளவு சுலபமாகவா. சாவுக் கட்டத்து வசனத்தை இன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும், அழகரிடம் போனில் பேச வேண்டும், அந்த மகளே என்பது மார்த்தா வாயில் வராது, ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஆவுடையப்பனிடம் ஒன்றும் சொல்லக்கூடாது, தொடர் வரட்டும், அவனே கேட்டு இட்லித் தட்டிலேயே குப்புற விழட்டும். ஃபெலிக்ஸ் திரும்பி வந்து பேசுகிற பொத்தானை அமுக்கினான். சிரிப்பு மறுபடி வந்திருந்தது, இந்தத் தடவை அவளுக்கென்றே செய்தது. "மேடம், குட் நியூஸ். மேலிடத்துல நானே போராடிட்டேன். நீங்கதான் மார்த்தா, முழுசா. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே நீங்கதான் வேணும்னு இருந்துச்சு மேடம். உங்க கலைக்கு முன்னாடி அவங்கெல்லாம் ஒண்ணுமேயில்ல. இனிமே எத்தன ஸ்பின் ஆஃப் வந்தாலும் சரி, உங்களக் கேக்காம நாங்க ஒரு அடி எடுத்து வெக்க மாட்டோம்."

"ம்க்கும்" என்றாள் பொற்கொடி.

சொன்னது அவள் இல்லை. உதடு தானாகக் கூடிற்று, மூச்சு மூக்கில் ஏறிற்று, தொண்டை வெட்டிற்று. பிறந்த தெருவே ஒன்றாக வந்து நின்று சொன்ன மாதிரி அவ்வளவு சுத்தமாக, கொழுப்பாக, முழுசாக. ஃபெலிக்ஸ் மெதுவாகக் குபேந்திரனைப் பார்த்தான். "ரெக்கார்ட்ல இருக்கா?" என்று அவன் வாய் கேட்டது. குபேந்திரன் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபெலிக்ஸே குனிந்து எதையோ அமுக்கினான். திரையில் மார்த்தா தாடையை அசைத்தாள், ம்க்கும் என்றாள், இந்த மண்ண வித்துராத மகளே என்றாள். ஒட்டுப் போட்டது தெரியவில்லை. ஒரே தொண்டை, ஒரே வாய். "அதேதான் மேடம்" என்றான் ஃபெலிக்ஸ், அவன் குரலில் இப்போது நிஜமான சந்தோஷம் இருந்தது. "கெடச்சிருச்சு. நீங்க கெளம்பலாம்." பேச்சோடு பேச்சாக அவன் போனை எடுத்துக்கொண்டு மறுபடி மூலைக்குப் போனான், வேண்டாம் சார், கெடச்சிருச்சு சார் என்றது அவன் வாய். கோவில்பட்டியில் இருக்கிற அத்தனை வசவும் பொற்கொடியின் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. படுபாவி என்று தொடங்கி அவன் ஏழு தலைமுறைக்கும் போகிற வசவு. வாயைத் திறந்தாள். "அம்மா" என்று குபேந்திரன் காதுக்குள் மெதுவாகக் கூப்பிட்டான். "லைட்டு இன்னும் எரியுதும்மா." அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஆமாம், சிவப்பாக எரிந்துகொண்டுதான் இருந்தது. வந்ததையெல்லாம் விழுங்கி வாயை இறுக மூடிக்கொண்டாள். ஹெட்ஃபோனைச் சத்தமில்லாமல் கழற்றி மாட்டிவிட்டு, செருமாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.